என்னைவிட நன்றாகப் பேசிய நான்

தேர்தல் பயிற்சி வகுப்பில் வாக்கு இயந்திரத்தைப் பூட்டவும் முத்திரை வைக்கவும் உங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். எந்த உறைக்குள் எந்தப் படிவம் போக வேண்டும் என்று ஒரு மதியம் முழுக்கச் சொல்வார்கள். அன்று மாலையே மறந்துவிடும். கவலைப்படாதீர்கள், எல்லோருக்கும் மறக்கும். பொய்ச் செய்திகளைப் பற்றியும் இப்போதெல்லாம் கால்மணி நேரம் பேசுகிறார்கள். "உடனே மறுப்பு வெளியிடவும்" என்று திரையில் காட்டுவார்கள். ஆனால் மக்கள் பொய்யையும் பார்த்து, உங்களையும் பார்த்து, பொய்யே தேவலை என்று முடிவு செய்துவிட்டால் என்ன செய்வது? அது எந்தக் கையேட்டிலும் இல்லை. எனக்கு அது நடந்தது. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறேன்.

வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். தட்டச்சராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். இடையில் வந்த ஒரு தேர்தலையும் விட்டதில்லை. கடைசிச் சில தேர்தல்களில் மண்டல அலுவலர். பத்துப் பன்னிரண்டு வாக்குச்சாவடிகளுக்கு ஒரு மண்டல அலுவலர் உண்டு. ஜீப்பில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தச் சாவடியில் என்ன கோளாறு என்றாலும் முதல் திட்டு அவருக்குத்தான் விழும்.

எங்கள் காலத்தில் ஆபத்து என்றால் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். என் முதல் தேர்தல் உப்பிலியபுரம் பக்கம் ஒரு கிராமத்தில். மதியம் வெளியே திடீரென்று கூச்சல், ஓட்டம், "பிடி, பிடி" என்று அலறல். பெட்டியைத் தூக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து வாக்குப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஐந்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால், யாரோ வளர்த்த ஆடு ஒன்று சாமியானாவுக்குள் புகுந்து வாக்காளர் சீட்டுக் கட்டு ஒன்றைத் தின்றுகொண்டிருக்கிறது. நான் வெளியே வந்த பிறகும் பெட்டியை விடவில்லையாம். அந்த ஊரில் ரொம்ப நாள் என்னைப் 'பெட்டி அம்மா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சத்தத்துக்கு அப்படிப் பயந்து பழகியவள், சத்தமே இல்லாத இடத்தில் ஏமாந்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மாடிப்படி ஏறும்போதே அலுவலகத்தில் செய்தித்தாள்கள் மடிக்கப்படும். இரண்டு அறை தள்ளி இருப்பவரை ஃபோனில் கூப்பிட வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. சுபாவத்தில் கெட்டவள் இல்லை. தொண்டை அப்படி.

அந்தத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, எல்லா மண்டல அலுவலர்களும் வாக்காளர் விழிப்புணர்வுக்காக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பதிவு செய்ய வந்த பையன் என்னை ஏழு தடவை பேசவைத்தான். "மேடம், இன்னும் கொஞ்சம் அன்பா..." என்றான். எட்டாவது தடவை அவனே நடுங்கிப்போய், "இதுவே போதும் மேடம்" என்றான். "ஓட்டுப் போடுங்கள், அது உங்கள் உரிமை" என்று நான் சொன்னதைக் கேட்டால், போடாவிட்டால் ஜப்தி வரும்போல இருக்கும். அந்தப் பதிவு எல்லாத் தெருக் குழுக்களுக்கும் போனது. எங்கெங்கே போனது, யார் யார் எடுத்துவைத்துக்கொண்டார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

என் வீடு ஸ்ரீரங்கத்தில். பணி மலைக்கோட்டைக்குக் கீழே, கடைவீதியை ஒட்டிய சந்துகளில். ஜவுளி வியாபாரம், நகைக்கடை வேலை, சார்ஜாவுக்கும் குவைத்துக்கும் போய்வரும் பிள்ளைகள், இப்படி நெருக்கமாக வீடுகள். ஒருவர் வீட்டுக் குக்கர் விசில் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சந்துகளில் ஒன்றுக்கான சாவடி, முனையில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில். வழக்கமாகக் காலை ஏழு மணிக்கே வரிசை வாசலுக்கு வந்துவிடும்.

அன்று ஒன்பதரைக்கு நான் போனபோது வரிசையே இல்லை. தலைமை அலுவலராக இருந்தவர் ஒரு கல்லூரிக் கணக்கு விரிவுரையாளர். முகம் மலர்ந்து எழுந்தார்.

"ரொம்பப் பீஸ்ஃபுல் மேடம். இந்த மாதிரி ஒரு சாவடியை நான் பார்த்ததே இல்ல."

கட்சி ஏஜெண்டுகள் இருவரும் அருகருகே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். இருவர் முகத்திலும் பரம திருப்தி. பிறகு விசாரித்ததில் காரணம் தெரிந்தது. வராதவர்கள் எல்லாம் எதிர்த்தரப்பு ஓட்டு என்று இவரும் நினைத்திருக்கிறார், அவரும் நினைத்திருக்கிறார்.

வாசலில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தவர் செல்வராணி. அந்தத் தெருவின் அங்கன்வாடிப் பணியாளர். வீடு வீடாகப் போய்ப் பட்டியல் சரிபார்க்கும் வேலையும் அவருடையதுதான். நான் ஜீப்பில் ஏறப்போனபோது எழுந்து வந்தார்.

"மேடம், ஒரு மாதிரியா இருக்கு. முக்காவாசிப் பேர் வரல. இந்தத் தெரு இப்படி இருக்காது."

"வெயிலு. சாயங்காலம் வருவாங்க. நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். நான் என் நாட்குறிப்பில் 'வாக்குப்பதிவு அமைதியாக நடைபெறுகிறது' என்று எழுதிக்கொண்டு அடுத்த சாவடிக்குப் போனேன். அந்தத் தெருவை அறிந்த ஒரே ஆள் என்னிடம் வந்து சந்தேகம் சொன்னார், நான் அவரை உட்காரச் சொன்னேன். என் பணிக்காலத்தில் எழுதியவற்றில் நான் வெட்கப்படும் வரி அது. சாவடி காலியாக இருந்தது, அதை அமைதி என்று எழுதினேன்.

பத்தே முக்காலுக்கு என் கணவர் ஃபோன் செய்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பணி நேரத்தில் கூப்பிடமாட்டார்.

"ஏன்டி, உனக்கு உடம்பு சரியில்லையா?"

"நன்னாத்தானே இருக்கேன். ஏன்?"

"வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு வந்தது, நீ பேசினது. என்னோட வேலை பார்த்த சுப்பிரமணி அனுப்பினார், அவர் குடியிருக்கறது உன் சாவடிப் பக்கம்தான். ரொம்ப நன்னா பேசியிருக்கே. இத்தனை வருஷத்துல என்கிட்ட நீ இப்படிப் பேசினதே கிடையாது. அதான் ஜுரமோன்னு..."

அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்து என்னை நானே கேட்டேன்.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே, எல்லாருக்கும் காலை வணக்கம்ங்க. நான் உங்க மண்டல அலுவலர் பேசறேன். நம்ம ஸ்கூல் வேப்பமரத்துல இருந்த தேன்கூடு கலைஞ்சு வகுப்பறைக்குள்ள தேனீ வந்துடுச்சுங்க. பெரியவங்களுக்கும் குழந்தைகளுக்கும் கஷ்டம் வரக்கூடாதுன்னு, நம்ம சாவடிய எடமலைப்பட்டி புதூர் கல்யாண மண்டபத்துக்கு மாத்தியிருக்கோம். வெயில் தாழ, மூணு மணிக்கு மேல வந்தீங்கன்னா கூட்டம் இருக்காது. தண்ணி பாட்டில் மறக்காதீங்க. வேற யாராவது மாத்திச் சொன்னா நம்பாதீங்க. பதறாம வாங்க, சரிங்களா?"

என் குரல்தான். மூச்சு விடுகிற இடம்கூட என்னுடையது. ஆனால் 'சரிங்களா' என்று முப்பத்திரண்டு வருடத்தில் நான் யாரையும் கேட்டதில்லை. யாரோ என் தொண்டையை எடுத்து, அதில் ஒரு நல்ல பெண்மணியைக் குடிவைத்திருந்தார்கள்.

அந்தத் தெரு எந்தப் பக்கம் ஓட்டுப் போடும் என்று எவரோ கணித்து, அது விழாமல் இருக்கட்டும் என்று செய்த வேலை. கத்தி இல்லை, கம்பு இல்லை. தண்ணீர் பாட்டில் எடுத்துவரச் சொல்லி ஒரு தெருவையே ஊரின் மறுகோடிக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார்கள்.

கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். மேலதிகாரி உடனே பேசினார். "போலீசுக்குச் சொல்லியாச்சு. மறுப்புத் தயாராகுதும்மா. இங்கிலீஷ் முடிஞ்சுது, தமிழ் சரி பாக்கறாங்க."

அந்த மறுப்பு ஒரு மணிக்கு வந்தது. 'மேற்படி பாகத்திற்குட்பட்ட வாக்காளர்களிடையே சமூக ஊடகங்கள் வாயிலாகப் பரப்பப்பட்டு வரும் ஆதாரமற்ற தகவலினைப் பொறுத்தமட்டில்' என்று தொடங்கியது. பொய் ஒரு மூச்சில் கேட்டு முடிகிறது. எங்கள் உண்மைக்கு முதல் வாக்கியத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

ஆனால் அதற்கு முன்பே நான் என் இரண்டாவது தவறைச் செய்துவிட்டேன். மறுப்பு வரும்வரை பொறுக்காமல், ஜீப்பில் இருந்தபடியே நானே ஒரு குரல் பதிவு போட்டேன். கோபத்தில் பேசினேன். "அது நான் இல்லை! தேனீயும் இல்லை, ஒண்ணும் இல்லை! ஒழுங்கா உங்க ஸ்கூலுக்கே வந்து ஓட்டுப் போடுங்க!" சாவடியில் உட்கார்ந்ததிலிருந்து ஃபோனை அணைத்துவைத்திருந்த செல்வராணியைத் தலைமை அலுவலர் மூலம் திறக்கச் சொல்லி, அதை அனுப்பித் தெருக் குழுவில் போடச் சொன்னேன்.

கால்மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார். சொல்லத் தயங்கினார்.

"மேடம், போட்டாச்சு. ஆனா எல்லாரும் இதைத்தான் டூப்புங்கறாங்க."

"எதை?"

"நீங்க பேசினதை. காலையில பேசினவங்கதான் நிஜ மேடமாம். இது யாரோ ரவுடி பொம்பளைய விட்டுப் பேச வச்சிருக்காங்கன்னு... ஒருத்தர் அது மேல செவப்பு வட்டம் போட்டு 'போலி, நம்பாதீர்'னு எல்லாக் குரூப்புக்கும் அனுப்பிட்டாரு."

நான் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

தெருவில் முதலில் நின்றது காதர் பாய் வீட்டு முன்னால். கைலி மொத்த வியாபாரம் செய்பவர். அந்தத் தெருவில் பத்து வீடு அவர் பேச்சைக் கேட்கும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று மணிக்கு எத்தனை ஆட்டோ வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர். நான் போனதும் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"நான்தான் மண்டல அலுவலர். சாவடி மாறல. ஸ்கூல்லதான் இருக்கு."

"உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க. நீங்க யாரும்மா?"

"மண்டல அலுவலர்னு சொன்னேனே!"

"அந்த மேடத்த எங்களுக்குத் தெரியும்மா. காலையிலதான் பேசினாங்க. தங்கமான மனுசி. யாராவது வந்து மாத்திச் சொல்லுவாங்கன்னு அப்பவே எச்சரிச்சாங்க. அதே மாதிரி நீங்க வந்துட்டீங்க."

அடையாள அட்டையைக் காட்டினேன். அதில் இருந்த புகைப்படம் பன்னிரண்டு வருடம் பழையது. அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சியாம்மா?" என்றார். அரசு ஜீப்பைக் காட்டினேன். "ஜீப்பு வாடகைக்குக் கெடைக்குது" என்றார் இன்னொருவர். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதையும் சட்டென்று நம்பாதீர்கள் என்று வருடக்கணக்காக அவர்களிடம் சொல்லிவந்தவர்கள் நாங்கள்தானே. அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் காதர் பாய் ஒரு வழி சொன்னார். "ஒண்ணு பண்ணுங்கம்மா. நீங்கதான் அவங்கன்னா, காலையில பேசின மாதிரி கொஞ்சம் பேசிக் காட்டுங்க."

நடுத்தெருவில், உச்சி வெயிலில், நான் நானாக இருப்பதற்குத் தேர்வு எழுதினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே..." என்று ஆரம்பித்தேன். மாடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். "சரிங்களா" என்ற இடம் வந்தபோது என் குரல் அதட்டலாகத்தான் வெளியே வந்தது. ஒரு குழந்தை அழுதது.

"பாவம், முயற்சி பண்றாங்க" என்றார் காதர் பாய், பக்கத்தில் இருந்தவரிடம்.

அந்த நேரம் செல்வராணி ஓட்டமாக வந்தார். அவருக்கும் அந்தத் தெருவில் மதிப்பு உண்டுதான். ஆனால் அவர் சொன்னதற்கும், "பாவம், உன்னையும் ஏமாத்திட்டாங்க" என்று பதில் வந்தது. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க யாருன்னு நிரூபிச்சு முடிக்கறதுக்குள்ள ஆறு மணி ஆயிடும். தேனீ இருக்கா இல்லையான்னு பாத்தாப் போதும்ல? ஸ்கூலு இருநூறு அடிதான். அவங்க நம்பற ஆளை அவங்களே அனுப்பட்டும்."

இவ்வளவு எளிய யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன். என்னை ஒருவர் திருடிக்கொண்டார் என்ற கோபத்தில், என்னை மீட்பதுதான் வேலை என்று நினைத்துவிட்டேன். நான் மீட்க வேண்டியது அவர்களுடைய ஓட்டு.

செல்வராணி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இந்தத் தெருவுல யாரு போய்ப் பாத்துட்டு வந்து சொன்னா நம்புவீங்க? நீங்களே சொல்லுங்க."

அவர்கள் கலந்து பேசினார்கள். காதர் பாயை அனுப்பினால் ஒரு தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஏஜெண்டை அனுப்பினால் இன்னொரு தரப்பு. கடைசியில் நாலைந்து பேர் ஒரே குரலில் ஒரு பெயர் சொன்னார்கள். "நாகராஜன்! அந்த ஆளு எவன் சொன்னாலும் நம்பமாட்டான்."

நாகராஜன் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஆறு வருடமாக எங்கள் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருப்பவர். அவருடைய வீட்டுப் பட்டாவில் நாகராஜன் என்பதற்குப் பதில் 'நாகராணி' என்று ஏறிவிட்டது. நான் அந்த இருக்கைக்கு வந்த பிறகு மட்டும் மூன்று தடவை வந்திருந்தார். மூன்று தடவையும் ஏதோ ஒரு காகிதம் குறைவு என்று திருப்பி அனுப்பினேன். திருப்பி அனுப்பியது மெல்லிய குரலில் இல்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு சந்தோஷம் பரவியது.

"என்ன பிரச்சினை?" என்றார்.

"இந்த அம்மா தன்னை ஆபீசருங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?" என்றார் காதர் பாய்.

"ஆதாரம் இருக்கா?" என்றார் நாகராஜன் என்னிடம்.

அட்டையை நீட்டினேன்.

"இது அசல். நகல் ரெண்டு வேணும். சான்றொப்பம் வாங்கியிருக்கீங்களா?"

என் வசனங்கள்தான் எல்லாம்.

"ஆறு வருசமா நான் நான்தான்னு உங்க ஆபீசுல நிரூபிச்சுட்டு இருக்கேன். இன்னிக்கு உங்க முறை." கூட்டம் சிரித்தது. அவர் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் அந்தச் சந்தில் எது தாழ்த்தினாலும் எல்லோருக்கும் கேட்கும். "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த மாசம் என் பேரை மாத்தித் தரேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இந்தத் தெருவையே கூட்டிட்டு வந்து உங்க வரிசையில நிறுத்தறேன்."

மணி பன்னிரண்டரை. உள்ளே இயந்திரம் சும்மா உட்கார்ந்திருந்தது. நூற்றுக்கணக்கான ஓட்டு அந்த மனிதருடைய நாக்கில் இருந்தது. அவர் கேட்டதும் அநியாயம் இல்லை. பெயர் மாற்றம் அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது. 'சரி' என்ற ஒரே சொல் போதும். சொல்லிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், மறைக்கமாட்டேன். ஆனால் ஓட்டு நாளில் ஒரு அதிகாரி தெருவில் நின்று ஒருவருக்கு ஒன்று செய்துதருவதாகச் சொல்லி, பதிலுக்கு ஓட்டர்களைக் கூட்டிவரச் சொன்னால் அதற்கு என்ன பெயர்? தேனீ கதை விட்டவனுக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

கோபமும் வந்தது. எனக்கு எப்போதும் வருவதுதான்.

"முடியாதுங்க! இன்னிக்கு நான் யாருக்கும் எதுவும் செஞ்சு தரேன்னு சொல்ல முடியாது. எண்ணிக்கை முடிஞ்சு ஆபீசுக்கு வாங்க. காகிதம் சரியா இருந்தா பேரு மாறும். இல்லேன்னா மாறாது. ஓட்டுப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம், அதுக்கு நான் வெலை கொடுக்கமாட்டேன்!"

சந்தின் இரு முனைக்கும் கேட்டிருக்கும். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். செல்வராணி கண்ணை மூடிக்கொண்டார்.

நாகராஜன் கூட்டத்தின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தார்.

"கேட்டீங்களா? இந்த அம்மாதான்! சத்தியமா இவங்கதான்! டூப்பு ஆளா இருந்தா, ரெண்டு நிமிசத்துல 'சரிங்க நாகராஜன்'னு சொல்லியிருக்கும். மூணு தடவை இதே தொண்டையில திட்டு வாங்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகும் அவர் என்னை நம்பிவிடவில்லை. காதர் பாயையும் தரப்புக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போய், வேப்பமரத்தைச் சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்து, "தேன்கூடே கிடையாது" என்று அறிவித்த பிறகுதான் தெரு அசைந்தது.

மதியத்துக்கு மேல் நடந்ததை உங்களில் குரூப்பில் செய்தி போட்டுவிட்டு உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள். மறுபடி ஒரு பதிவு போடலாம் என்றேன். செல்வராணி வேண்டாம் என்றுவிட்டார். "இன்னிக்கு அந்த ஃபோன்ல எது வந்தாலும் நம்பமாட்டாங்க மேடம்." ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டுக்குத் தெரிந்த ஒரு ஆள் நேரில் போனார். வெளியே போயிருந்தவர்களை வீட்டு ஆட்களே கூப்பிட்டுப் பேசினார்கள். ஒரு பெண் தன் தம்பியிடம், "நீ நிஜமா என் தம்பின்னா, சின்ன வயசுல எந்தக் கெணத்துல விழுந்தே சொல்லு" என்று கேட்டதை நானே கேட்டேன். அவன் சரியாகச் சொன்ன பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். இரண்டு மணிக்கு வரிசை வாசலைத் தொட்டது. நாலு மணிக்குச் சந்தைத் தாண்டியது. கணக்கு விரிவுரையாளருக்கு வேர்த்துக் கொட்டியது. முறுக்கு தின்ற இருவரும் வழக்கம்போலச் சண்டை போட ஆரம்பித்தார்கள். எனக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

ஒரு குழு மட்டும் விட்டுப்போயிற்று. காதர் பாயின் மகன் அன்சாரி சார்ஜாவில் வேலை பார்ப்பவன். லீவில் வந்திருந்தான். காலையிலேயே மனைவியையும் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு, மொத்தம் பதினொரு பேராக, எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே சாப்பிட்டுவிட்டு, அப்படியே மண்டபத்தில் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்புவது திட்டம். காதர் பாய் எத்தனையோ தடவை கூப்பிட்டும் ஃபோன் எடுக்கவில்லை. சார்ஜில் போட்டுவிட்டு மறந்திருக்கிறான். சாவடிக்குள் ஃபோன் கூடாது என்று மற்றவர்கள் தங்கள் ஃபோனை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார்கள்.

மூன்று மணிக்குப் பதினொரு பேரும் மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே யாருக்கோ நிச்சயதார்த்தம். வாசலில் ஒரு வரிசை நின்றிருக்கிறது. இவர்களும் போய் நின்றுகொண்டார்கள். வரிசை மெதுவாக நகர்ந்து உள்ளே போனால், இலை போட்டுக் கேசரி வைக்கிறார்கள். "ஓட்டு எங்கே போடணும்?" என்று அன்சாரி கேட்க, "மொதல்ல சாப்பிடுங்க தம்பி" என்று உட்காரவைத்திருக்கிறார்கள். இந்தத் தேர்தலில் ஏற்பாடு பிரமாதம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் பாராட்டினாராம். விஷயம் புரிந்து, மாமனார் வீட்டுக்கு ஓடிவந்து ஃபோனைப் பார்த்து, இரண்டு ஆட்டோ பிடித்துக் கிளம்பும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. பாலக்கரையில் நெரிசல்.

ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளில் தொடங்கி எண் போட்ட சீட்டுக் கொடுத்து, வாசலை மூட வேண்டும். மூடினோம். அவர்கள் வந்து இறங்கியபோது ஆறு மணி ஏழு நிமிடம்.

காதர் பாய், மதியம் எனக்கு உட்காரக் கொடுத்த அதே நாற்காலியைப் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுவந்து போட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாகராஜன்தான் கேட்டார், "ஏழு நிமிசம்தானேம்மா?" ஏஜெண்டுகள் இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். கதவைத் திறந்தால் அந்தப் பதினொரு பேருக்கு நியாயம். ஆனால் அடுத்த தேர்தலில் ஏழு நிமிடம் பதினேழு ஆகும், எந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்று பேச்சாகும். அதைவைத்து இன்னொரு தேனீ கதை கட்டுவார்கள்.

"மன்னிச்சுடுங்க, உள்ளே விட முடியாது" என்றேன். அந்த ஒரு தடவை ஒருவருக்கும் என் குரல் அதட்டலாகக் கேட்டிருக்காது. எனக்கே கேட்கவில்லை.

அன்சாரி சண்டை போடவில்லை. "மெசின்ல பதிய வேணாங்க. நாங்க பதினோரு பேரும் வந்தோம்னு எங்கயாவது எழுதிக்கிட்டாப் போதும்" என்றான். "ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவைதான் லீவு. ஓட்டு வருதுன்னு பாத்துத்தான் இந்த மாசம் எடுத்தேன். வரலன்னு ஆயிடக் கூடாது."

அதற்குப் படிவம் இல்லை. பயிற்சியில் சொன்ன அத்தனை உறைகளில் அதற்கு ஒரு உறையும் இல்லை. என் நாட்குறிப்பைத் திறந்தேன். காலையில் எழுதிய 'அமைதியாக நடைபெறுகிறது' என்ற வரியை ஒரு கோடு போட்டு அடித்தேன். அதற்குக் கீழே பதினொரு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, பெயரும் வாக்காளர் எண்ணும் கேட்டு எழுதினேன். 'வந்தார்கள். பொய்ச் செய்தியால் தாமதம். இவர்கள் மேல் தவறில்லை' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். நாகராஜன் எட்டிப் பார்த்து, "பேரு எல்லாம் சரியா எழுதியிருக்கீங்களான்னு படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்துக் காட்டினேன்.

யார் அந்தப் பொய்யைச் செய்தார்கள் என்று நான் ஓய்வு பெறும்வரை தெரியவில்லை. நாகராஜனுடைய பட்டா முறைப்படி திருத்தமாயிற்று. அதற்கும் இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை வாரம் ஒரு மனு கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த தேர்தலுக்கு முன் செல்வராணியை அழைத்துக்கொண்டு என் மண்டலத்தின் ஒவ்வொரு தெருவுக்கும் நடந்தே போனேன். என் முகத்தையும் தொண்டையையும் நேரில் காட்டிவிட்டு வந்தேன். ஆபத்து வரும் நாளில் போய் அறிமுகம் செய்துகொண்டால் நேரம் போதாது. உங்களில் நல்லபடியாகப் பேசத் தெரிந்தவர்கள் நல்லபடியாகவே பேசுங்கள், என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். ஆனால் உங்களைத் திட்டி மனுப் போடுகிறவர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினொரு பெயரை எழுதிய மறுநாள் காலை நாட்குறிப்பை ஒப்படைத்தேன். மேலதிகாரி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றார்.

"இது படிவத்துல எந்தக் கட்டத்துல வருதும்மா? வாக்களிச்சவங்களா, வாக்களிக்காதவங்களா?"

"ரெண்டுலயும் வராது சார்."

"அப்ப எதுக்கு எழுதினீங்க?"

"எழுதச் சொன்னாங்க சார்."

யார் எழுதச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதினொரு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து, பக்கத்தின் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி, தேதி போட்டார்.